‘இதர’ என்ற கட்டத்தில் எழுதச் சொல்லாதீர்கள்: மதுரா கால் நோய் குறித்து ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் மக்கள் நல்வாழ்வுப் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கு,

தோல் நோய்க் கணக்கெடுப்புக்காக அண்மையில் நடந்த ஒரு பயிற்சியில் களப்பணியாளர்களுக்குப் படிவம் ஒன்று கொடுக்கப்பட்டது. தொழுநோய்க்கு அதில் கட்டம் இருந்தது. யானைக்காலுக்கு இருந்தது. சிரங்குக்கும் படைக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் இருந்தது. மைசெட்டோமாவுக்கு, அதாவது முள் குத்திய வழியே கிருமி புகுந்து பாதத்தை மெல்ல அரிக்கும் மதுரா கால் நோய்க்கு, இல்லை. கேட்டபோது, “அதெல்லாம் இப்ப எங்கங்க இருக்கு? அப்படி யாராச்சும் வந்தா ‘இதர’ன்னு போட்டுருங்க” என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்த நோய் இல்லாமல் போய்விடவில்லை. எழுத இடம் இல்லாததால் கணக்கில் வராமல் இருக்கிறது, அவ்வளவுதான். கணக்கில் வராத நோய்க்கு மருந்து ஒதுக்கப்படாது. மருந்து இல்லாத நோய்க்கு மருத்துவரிடம் மிஞ்சும் ஒரே கருவி கத்தி. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்களும், ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கிறவர்களும், மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ‘இதர’ என்ற கட்டத்துக்குள் போகும் கால்கள் எங்கள் கையில்தான் இருக்கின்றன.

பெயரிலிருந்தே தொடங்குகிறோம். 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். சில ஆண்டுகளில் ‘மதுரா கால்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1860இல் பம்பாயிலிருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதைப் பூஞ்சை நோய் என்று கண்டு, மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். பின்னால் பிரித்தறியப்பட்ட கிருமிகளிலும் நம் ஊர்ப் பெயர் ஏறியது. புண்ணிலிருந்து கறுப்பு மணி மணியாக வெளிவரும் பூஞ்சை மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ். பாக்டீரியா வகையில் ஒன்று ஆக்டினோமதுரா மதுரே. சூடானிலும் செனகலிலும் மெக்சிகோவிலும் இந்த நோயைப் பார்க்கிற மருத்துவர்கள் மதுரையின் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிக்கிறார்கள். 2016 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானத்தோடு, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் மைசெட்டோமா சேர்ந்தது. தொழுநோய்க்கு ஒரு குழு, யானைக்காலுக்கு ஒரு குழு என்று ஒரே வீட்டுக்குத் தனித்தனியாகப் போகாமல், தோலில் தெரியும் இத்தகைய நோய்கள் அனைத்தையும் ஒரே நடையில் தேடுங்கள் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலும் தந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மதுரையில் நிரப்பும் ஒரு படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

யாருக்கு வருகிறது என்றால், வெறுங்காலோடு மண்ணில் நிற்பவருக்கு. 20 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம். பெண் ஒருவருக்கு வந்தால் ஆண் மூவருக்கு வருகிறது. கிடை போடும் ஆட்டுக்காரர், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், நாற்று நடுகிறவர், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர். பெரும்பாலும் பாதத்தில் வரும். அடுத்து கையில். விறகுக்கட்டும் மூட்டையும் சுமப்பவர்களுக்குத் தோளிலும் முதுகிலும்கூட வரும். அவர்கள் சட்டையைக் கழற்றிக் காட்டும்வரை அது யாருக்கும் தெரியாது.

முள் குத்துகிறது. ஊக்கால் கிளறி எடுத்து, எருக்கம்பால் வைத்து, அன்றைக்கே மறந்துவிடுகிறார்கள். முள்ளோடு போன கிருமி தோலுக்கு அடியில் மெதுவாக வளர்கிறது. மாதங்கள் கழித்து, சிலருக்கு ஆண்டுகள் கழித்து, உள்ளங்கால் வளைவிலோ விரல் இடுக்குக்குப் பின்னாலோ கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கெட்டி வீக்கம் தெரியும். அழுத்தினால் வலிக்காது. வலித்திருந்தால் அவர் முதல் மாதமே வந்திருப்பார். வலி இல்லாததால் வேலைக்குப் போகிறார். கூலி நிற்காதவரை அது அவருக்கு நோயாகத் தெரிவதில்லை.

முற்றிய பிறகு அந்தக் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அடையாளத்தில் சந்தேகம் வராது. தோல் கறுத்து இறுகிப் பளபளக்கும். அதன்மேல் சிறு சிறு முனைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி நுழையும் அளவு துளை, அதைத்தான் கண் என்கிறோம். ஒரு கண் மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். மெல்ல அழுத்தினால் சீழும் சிவந்த நீரும் வரும், அதோடு மணிகள் வரும். கறுப்பு மணி என்றால் வெள்ளைத் துணியில் வெடிமருந்துத் தூள் சிந்தியதுபோல் இருக்கும். வெளிர் மணி என்றால் ரவைபோல். சிவப்பு என்றால் செங்கல் பொடிபோல். வலியில்லாத வீக்கம், பல கண்கள், மணி. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் மைசெட்டோமா என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். யானைக்காலில் கால் வீங்கும், கண்ணும் மணியும் இருக்காது. சர்க்கரைப் புண் திறந்து கிடக்கும், மணி கொட்டாது.

ஆனால் நடப்பது என்ன? முதலில் ‘கால் ஆணி’ என்று காரம் வைத்துச் சுடுகிறார்கள். பிறகு ‘கட்டி’ என்று மரப்பு ஊசி போட்டுக் கீறுகிறார்கள். கீறிய இடத்தில் வெளியே தெரிந்தது மட்டும் வருகிறது, உள்ளே வேர்விட்டது தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில், இந்த முறை இன்னும் ஆழத்தில், வீக்கம் திரும்பும். சிலருக்குக் கண் விட்டிருப்பதைப் பார்த்து எலும்புக் காசநோய் என்று முடிவு செய்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுக்கப்படுகிறது. சிலருக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அதில் நீர் கொஞ்சம் வற்றும், ‘குணமாகிவிட்டது’ என்று அட்டையில் எழுதப்படும். இப்படி நாலைந்து ஆண்டுகள் போய் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது எக்ஸ்ரேயில் பாதத்தின் சிறு எலும்புகள் அரித்துப்போயிருக்கும். அங்கிருக்கும் அறுவை மருத்துவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் மேசைக்கு அந்தக் கால் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இந்த மடலின் மையமான செய்தி இதுதான். மதுரா கால் என்பது ஒரே பெயரில் இருக்கும் இரண்டு நோய்கள். ஒன்று பாக்டீரியாவால் வருவது, இன்னொன்று பூஞ்சையால் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடவே தொடாது. எது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பது நோயாளியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் வீணாகச் சோதிப்பது. எது என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவோ இரண்டு துண்டு காஸ் துணி, இரண்டு ஸ்லைடு, ஒரு நுண்ணோக்கி. இவை ஏறக்குறைய எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பவை. மணியைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவுறுத்தல்தான் இல்லை.

மணியை எப்படி எடுப்பது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கக் கூடாது. குச்சியில் ஒட்டுவது தோலின் மேலிருக்கும் சாதாரணக் கிருமி. ஆய்வகம் அதை வளர்த்து ‘ஸ்டஃபைலோகாக்கஸ்’ என்று அறிக்கை தரும், அதை நம்பி மறுபடி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதப்படும். செய்ய வேண்டியது வேறு. கண்ணைச் சுற்றியுள்ள தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி நீக்கிய காஸ் துணியைச் சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) நனைத்துப் பிழிந்து, கண்களின்மேல் வைத்து, மேலே கட்டுப் போட்டு இரவு முழுவதும் விட வேண்டும். விடிவதற்குள் மணிகள் தாமாக வெளியேறித் துணியில் ஒட்டும். காலையில் கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் துணியைப் பார்த்தால் தெரியும். சாமணத்தால் மணிகளை எடுத்து, சலைனில் இரண்டு மூன்று முறை அலசி, நிறத்தை அப்போதே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் மணி காய்ந்து எல்லாம் பழுப்பாகத் தெரியும்.

அலசிய மணியில் ஒன்றை இரண்டு ஸ்லைடுக்கு நடுவே வைத்து நசுக்கி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பு மணி கெட்டியானது, கரைய நேரமாகும், அவசரப்படக் கூடாது. தடித்த, கணு விட்ட இழைகள் தெரிந்தால் பூஞ்சை. இன்னொரு மணியை நசுக்கி, பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயம் ஏற்ற வேண்டும். ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய, ஊதா நிறத்தில் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் பாக்டீரியா. கறுப்பு மணி என்றாலே பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா என்பது ஏறக்குறைய உறுதி. வெளிர் நிறம்தான் ஏமாற்றும். அது இரண்டிலும் வரும். அதனால் நிறத்தை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது.

மணி கிடைக்காதவர்களுக்கு ஆழத்திலிருந்து சதை எடுக்க வேண்டியிருக்கும். அங்கே மிக வழக்கமான பிழை ஒன்று உண்டு. எடுத்த சதை முழுவதையும், சதையைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கவே முடியாது. சதையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை வெறும் சலைனிலும் போட வேண்டும். சலைன் பாட்டில் அன்றைக்கே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். ஆய்வகத்தில் அடுத்த பிழை காத்திருக்கிறது. பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் பாக்டீரியாவைத் தடுக்க ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். அதில் மட்டும் விதைத்தால் பாக்டீரியா வகை முளைக்காது. ஆன்டிபயாடிக் கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று என இரண்டிலும் விதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருக்க வேண்டும். இவை மெதுவாக வளரும் கிருமிகள். ‘48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை’ என்று முத்திரை குத்தி வரும் அறிக்கைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த ஒரு வரியால் ஓராண்டு வீணாகியிருக்கிறது.

எதுவென்று தெரிந்த பிறகு வருவது மருந்து.

பாக்டீரியா வகை என்றால் நல்ல செய்தி. பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கோட்ரைமாக்சசோல் இரட்டை வலு மாத்திரை காலையொன்று மாலையொன்று, மாதக்கணக்கில். முற்றியிருந்தால் கூடவே அமிகாசின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 21 நாள், பிறகு இரண்டு வார இடைவெளி, தேவைப்பட்டால் மறு சுற்று. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 750 மில்லிகிராம். ஊசி தொடங்கும் முன் காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்திலும் பார்த்துவிட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி பார்க்க வேண்டும். கோட்ரைமாக்சசோல் சல்ஃபா வகை மருந்து, சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. தோலில் கொப்புளமோ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். புண்ணின் கண்கள் மூடியவுடன் ‘ஆறிடுச்சு’ என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். மூடிய பிறகும் பல மாதம் தொடர்ந்தால்தான் திரும்பாது.

பூஞ்சை வகை கடினமானது. இட்ராகொனசோல் 100 மில்லிகிராம் காப்ஸ்யூல் காலை இரண்டு, இரவு இரண்டு. குறைந்தது ஆறு மாதம் கொடுத்த பிறகே அறுவை பற்றி யோசிக்க வேண்டும். மருந்து வீக்கத்தைச் சுருக்கி, சுற்றிலும் ஓர் உறை கட்டவைக்கும். உறையோடு சேர்த்து எடுத்தால்தான் மிச்சம் தங்காது. அதற்கு முன்பே கத்தி வைத்தால் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். அறுவைக்குப் பிறகும் மாத்திரை தொடர வேண்டும். மொத்தத்தில் ஓராண்டு, பலருக்கு அதற்கும் மேல். ஈரல் பரிசோதனை இடையிடையே செய்ய வேண்டும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய சேதம் செய்கிறது. நம் ஊரில் எந்தச் சீட்டு எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை எழுதும் வழக்கம் உண்டு. இட்ராகொனசோல் காப்ஸ்யூல் கரைந்து இரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோ அமிலத்தைக் குறைத்தால் மருந்தின் பெரும்பகுதி கரையாமலே வெளியே போய்விடும். நோயாளி ஒரு நாள்கூட விடாமல் ஓராண்டு விழுங்கியிருப்பார், கால் அப்படியே இருக்கும். ‘மருந்து கேட்கவில்லை, காலை எடுத்துவிடலாம்’ என்ற பேச்சு அங்கே தொடங்கும். இட்ராகொனசோலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், கேஸ் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இட்ராகொனசோலின் அளவை இரத்தத்தில் சரித்துவிடும். இந்த மூன்றையும் மருந்தாளுநர் மேசையில் தமிழில் எழுதி ஒட்டினால் சில கால்கள் தப்பும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பூஞ்சை வகை நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கு 1,460 காப்ஸ்யூல். பாக்டீரியா வகை நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கு 730 மாத்திரை. எத்தனை நோயாளிகள் என்ற எண் உங்களிடம் இல்லாததால் இந்தக் கொள்முதலை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஒரு மாதம் கிடைக்கிறது, அடுத்த மாதம் ‘ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க’ என்று சீட்டு வருகிறது. நாள் கூலிக்காரர் பத்து நாளைக்கு மட்டும் வாங்குவார். பிறகு இரண்டு இரண்டு என்பதை ஒன்று ஒன்றாகக் குறைத்து விழுங்குவார். அரைகுறை அளவில் பூஞ்சை சாவதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உள் கிராமத்திலிருந்து வருகிறவர் முதல் பேருந்தைப் பிடித்து, அரசரடியிலோ பெரியார் பேருந்து நிலையத்திலோ மாறி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பும்போது ஒரு நாள் கூலி போயிருக்கும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த நோயில் பெரும்பாலும் ஆண்கள், அவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. மாதம் ஒரு நாள் என்றால் தாங்குவார். ‘திங்கள் தோல் பிரிவு, புதன் எலும்புப் பிரிவு, வெள்ளி ரிப்போர்ட்’ என்று ஒரே மாதத்தில் மூன்று நாள் அலையவிட்டால் மூன்றாவது மாதம் வரமாட்டார். அவர் அட்டையில் ‘சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்’ என்று எழுதுகிறார்கள். அவரை நிறுத்தவைத்தது எது என்று எழுத அந்த அட்டையிலும் கட்டம் இல்லை.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு ஏழைகளுக்குப் பெரிய துணை. அதை மதிக்கிறோம். ஆனால் எங்கள் அனுபவத்தில், வீட்டிலிருந்தபடி ஓராண்டு விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அந்த அட்டை உதவுவதில்லை. காலை வெட்ட நோயாளிக்குச் செலவில்லை, காலைக் காப்பாற்றச் செலவிருக்கிறது. வெட்டிய பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கிறது, செயற்கைக் காலுக்கு மனு போடலாம். கால் உடம்பில் இருக்கும்போது அவருக்கு எந்தத் திட்டமும் இல்லை.

தடுப்பு பற்றிச் சுருக்கமாக. ‘செருப்புப் போடுங்கள்’ என்று சுவரில் எழுதினால் போதாது. கடையில் விற்கும் மெல்லிய ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் துளைத்துக்கொண்டு வரும். சேற்று வயலில் எந்தச் செருப்பும் நிற்காது. முள் வெட்டுகிறவருக்கும் கிடைக்காரருக்கும் டயர் அடி வைத்த செருப்பு வேண்டும். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, முள்ளை முழுதாக எடுத்து, ஆறாமல் கெட்டிப்பட்டால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். ‘வலிக்காத கட்டியைக் காட்டு’ என்ற ஒரே செய்தியைக் கிராமசபையில் சொன்னால்கூடப் போதும்.

இதைச் செய்து காட்டிய இடம் ஒன்று உலகில் இருந்தது. சூடான் தலைநகர் கார்ட்டூமில் 1991இல் அகமது ஹசன் அல்ஃபஹல் தொடங்கிய மைசெட்டோமா ஆய்வு மையம், நோயாளிகளை ஊருக்குள் போய்த் தேடியது, பதிவேடு வைத்தது, மருந்து கொடுத்தது. தினமும் நான்கு காப்ஸ்யூல் விழுங்குவதற்கு மாற்றாக, வாரம் ஒருமுறை கொடுக்கும் ஃபோஸ்ராவுகொனசோல் என்ற மருந்தைச் சோதித்ததும் அங்கேதான். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் அந்த மையம் சிதைந்துவிட்டது. இந்த நோயின் பெயரைத் தாங்கிய ஊரில் நுண்ணோக்கிகள் இருக்கின்றன, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிராமம்தோறும் நடக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். போர் இல்லை. இல்லாதது ஒரு சுற்றறிக்கை.

ஆகவே கேட்கிறோம்.

அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு தொடங்கும் முன் படிவத்தில் மைசெட்டோமாவுக்குத் தனிக் கட்டம் வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். ஊர், வயது, தொழில், எந்த உறுப்பு, எத்தனை மாதமாக, எத்தனை முறை கீறப்பட்டது, மணியின் நிறம், நுண்ணோக்கி முடிவு, மருந்து தொடங்கிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘எத்தனை முறை கீறப்பட்டது’ என்பதை விட்டுவிடாதீர்கள். எங்கே தவறுகிறோம் என்பதை அந்த எண்தான் காட்டும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதிரி எடுக்கும் பொட்டலம் வேண்டும். கிருமி நீக்கிய காஸ் நான்கு, சலைன் 5 மில்லி ஊற்றிய திருகுமூடிப் பாட்டில் ஒன்று, ஃபார்மலின் பாட்டில் ஒன்று, ஸ்லைடு நான்கு, சாமணம் ஒன்று, செய்முறை அச்சிட்ட தாள் ஒன்று. காசநோய்ச் சளி மாதிரிகளைக் கொண்டுபோகும் அதே ஏற்பாட்டில் இதையும் அனுப்பலாம், புதிய வண்டி தேவையில்லை. மாதிரி வந்துசேரும் ஆய்வகத்துக்கு, ஆறு வாரம் முடியாமல் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை தரக் கூடாது என எழுத்தில் சொல்லுங்கள்.

மணியின் வகை தெரியாமல் யாருடைய காலிலும் கட்டி என்று கத்தி வைக்கக் கூடாது. காலை எடுப்பது என்றால், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, தோல், எலும்பு, நுண்ணுயிரியல் மருத்துவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே என்று ஆணையிடுங்கள். அந்த மூவரும் மாதத்தில் இரண்டு முறை ஒரே அறையில், ஒரே நாளில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள்.

பதிவாகும் ஒவ்வொருவருக்கும் முழு ஆண்டுக்கான இட்ராகொனசோலோ கோட்ரைமாக்சசோலோ அவர் பெயரில் ஒதுக்கப்பட வேண்டும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே போகின்றன. அதே பையில் இதுவும் போகட்டும். தொழுநோயாளிகளுக்குத் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது பாதத்தைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, இவர்களுக்கும் வேண்டும். சிகிச்சைக் காலம் முழுவதும் செல்லும் பேருந்துச் சலுகை அட்டையும் வேண்டும்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எதைச் செய்ய முடியும், எதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், எப்போது என்று அதில் குறிப்பிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம். ஸ்லைடுகளைக் கொண்டுவருகிறோம். கறுப்பு மணி எப்படி இருக்கும், பூஞ்சை இழை எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரையும் நுண்ணோக்கியில் குனிந்து பார்க்கவைக்க ஒரு முற்பகல் போதும்.

இப்படிக்கு,
மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரக் களப்பணியாளர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள், மருந்தாளுநர்கள்